பூரித் தேரோட வால் இல்ல, காங்

வருஷா வருஷம் இது நடக்குது. ஆனி மாசம் (சில வருஷம் ஆடியைத் தொட்டுக்கிட்டு) வளர்பிறை துவிதியை அன்னிக்குப் பூரியில தேர் புறப்படும். சேனல்காரங்க எல்லாம் அங்கதான் நிப்பாங்க. மறுநாள் பேப்பர்ல அரைப்பக்கத்துக்குப் படம். அந்தச் செய்தியோட வாலுல, இடம் மிச்சம் இருந்தா, ஒரு வரி ஒட்டியிருக்கும். மணிப்பூர்ல இம்பால்லயும் இதே மாதிரி ரத யாத்திரை நடந்துச்சுன்னு.

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

நமக்கெல்லாம் மணிப்பூர்னா மேரி கோம் தெரியும், பர்மா எல்லையில மோரேன்னு ஒரு ஊர்ல தமிழருங்க இருக்காங்கன்னு தெரியும், 2023 மே மாசம் வெடிச்ச கலவரம் தெரியும். அதுக்கு மேல அந்த ஊர்ச் சேதி நம்ம பத்திரிகைக்குள்ள வர்றது அபூர்வம். தப்பித் தவறி வர்ற திருவிழாச் சேதியும் இன்னொரு ஊர்த் திருவிழாவோட அடிக்குறிப்பா வந்தா எரிச்சல் வராம என்ன செய்யும்? இத்தனைக்கும் அது குட்டித் திருவிழா இல்லைங்க. காங் சிங்பான்னு மணிப்பூரோட மெய்தேய் மக்கள் சொல்ற அந்தத் தேரோட்டம், அவங்க காலண்டர்ல இங்ஙேன் மாசத்துல பத்து நாள் நடக்கிற சமாச்சாரம். ஏகாதசி அன்னிக்குப் பெருமாள் படுத்துத் தூங்கப் போறாரு (நம்ம பஞ்சாங்கத்துலயும் சயன ஏகாதசின்னு போட்டிருக்குமே, அதேதான்), அதோட விழா ஓயும். இந்தப் பத்து நாள்ல தேர் ஓடறது ஆரம்பத்துல ஒரு தடவை, முடியற சமயத்துல ஒரு தடவை. மிச்ச நாளெல்லாம் என்ன பண்றாங்க? என் வாதமே அந்த மிச்ச நாளுக்குள்ளதான் இருக்கு. பூரியில இருந்து காங் எடுத்துக்கிட்டது தேதியையும் மூணு தெய்வங்களையும். அதை நான் மறுக்கல. ஆனா பூரியில திருவிழாவோட கனம் முழுசும் தேர் மேல இருக்கு. இம்பால்ல அந்தக் கனம் பாட்டு மேலயும் பந்தி மேலயும் இருக்கு. கனம் எங்க இருக்குன்னு பார்க்காம சக்கரத்தை மட்டும் பார்த்துட்டு ‘ரெண்டும் ஒண்ணு’ன்னா, அது கணக்கு தப்பு.

முதல்ல பூரியைப் பார்த்துடலாம். அங்க மூணு தேர். ஜெகந்நாதருக்கு நந்திகோஷம், 16 சக்கரம். பலபத்ரருக்குத் தாளத்வஜம், 14 சக்கரம். சுபத்ராவுக்குத் தர்ப்பதளனம், 12 சக்கரம். மூணையும் வருஷா வருஷம் புது மரத்துல செய்வாங்க; பழசை அப்படியே வெச்சு ஓட்டற பேச்சே கிடையாது. செய்யறதுக்குப் பரம்பரைத் தச்சருங்க இருக்காங்க, யார் எந்த வேலை பார்க்கணும்கிறதுக்கு உரிமை இருக்கு, பூரி ராஜா வந்து தங்கப் பிடி போட்ட துடைப்பத்தால தேர்த்தட்டைப் பெருக்கற சடங்கு இருக்கு. படா தண்டாங்கிற அகலமான வீதியில கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் போயி, குண்டிசா கோயில்ல தங்கிட்டுத்தான் சாமி திரும்பும். ஆக, தேரைச் செய்யறது, ஏத்தறது, நகர்த்தறது, திருப்பறது, கடைசியில பிரிச்சுப் போடறது வரைக்கும் எல்லாம் தேரைச் சுத்தியே. உலகத்துல இருந்து சனம் அந்தத் தேரைத் தேடி வருது. சாமி ஒரே ஒரு வீதியில வருவாரு. பார்க்கணும்னா நீங்கதான் அங்க போகணும்.

இம்பால் அப்படி இல்ல. அங்க மூணு பேருக்கும் சேர்த்து ஒரே தேர், நாலு மரச் சக்கரம். புறப்படற இடம் ஸ்ரீ கோவிந்தாஜி கோயில். அரண்மனை வாசல் பக்கம் போயிட்டுத் திரும்பும். இதுல ரொம்ப பேரு கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. அந்தக் கோயில்ல வீட்டுக்காரர் ஜெகந்நாதர் கிடையாது. வீட்டுக்காரர் கோவிந்தர், அதாவது கிருஷ்ணன், ராதையோட. பதினெட்டாம் நூற்றாண்டோட பிற்பாதியில ஆண்ட பாக்யசந்திரா மகாராஜா, கைனா குன்றுல இருந்த பலா மரத்துல செதுக்க வெச்ச மூர்த்தி அது. 1779ல அந்த மூர்த்தி முன்னாடிதான் மணிப்பூரி ராஸலீலையை முதமுதல்ல ஆடினாங்கன்னு சொல்றாங்க. அந்த ராஜ்யத்தோட குலதெய்வம் மாதிரியே ஆகிப்போச்சு கோவிந்தர். ஜெகந்நாதர் அந்த வீட்டுக்கு அப்புறமா வந்து சேர்ந்தவர். முதல் காங் நடந்ததா பரவலா சொல்ற வருஷம் 1832, கம்பீர் சிங் மகாராஜா காலம். அதாவது கோவிந்தர் வந்து, ராஸலீலை வந்து, சங்கீர்த்தனம் வேரூணி, ஒரு அரை நூற்றாண்டு ஓடினதுக்கு அப்புறம்தான் தேர் வருது. இந்த வரிசையை மனசுல வெச்சுக்கோங்க. பூரியில தேர் மூத்தது, பாட்டு அதைச் சுத்தி வளர்ந்தது. மணிப்பூர்ல பாட்டு மூத்தது.

சரி, பூரியில இருந்து இம்பால் வரைக்கும் இந்தத் தேர் எந்த வழியா வந்துச்சு? ஒடிசாத் தச்சர் யாரும் உளியைத் தூக்கிக்கிட்டு வரல. வந்தது சைதன்யர் வழியா. வங்காளத்துல பொறந்த சைதன்யர் தன்னோட கடைசிக் காலம் பூராவும் பூரியிலதான் இருந்தாரு; 1533ல அங்கேயே முடிஞ்சு போனாரு. வருஷா வருஷம் தேர் முன்னாடி ஏழு கோஷ்டியைப் பிரிச்சு நிறுத்திப் பாட வெச்சு, தானும் ஆடினாருன்னு சைதன்ய சரிதாம்ருதம் விவரமா சொல்லுது. அவரோட அடியாருங்களுக்குத் தேர் எவ்வளவு உசரம், எத்தனை சக்கரம்கிறது பெரிய விஷயமே இல்ல. தேர் முன்னாடி எப்படிப் பாடினோம், எப்படி ஆடினோம்கிறதுதான் விஷயம். அந்த நினைப்பைத்தான் வங்காளத்துக்கும், அங்கேர்ந்து நரோத்தம தாசர் வழிவந்த குருமாருங்க மூலமா மணிப்பூருக்கும் கொண்டு போனாங்க. மெய்தேய்க்காரங்க கைக்கு வந்து சேரும்போது ரத யாத்திரை ஏற்கெனவே ஒரு கீர்த்தனைத் திருவிழாவா மாறித்தான் வந்துச்சு. அதனாலதான் இம்பால்ல அந்தப் பிரமாண்டத் தேர்க் கட்டுமானம் இல்ல. தேருக்கு முன்னாடி நடந்த கூத்து மட்டும் பத்து நாளா விரிஞ்சு கிடக்கு. மூலத்துல இருந்து பாதியை விட்டுட்டாங்கன்னு இதைப் பார்க்கறது தப்பு. எந்தப் பாதி வேணும்னு முடிவு பண்ணி எடுத்துக்கிட்டாங்கன்னு பார்த்தா எல்லாம் பொருந்தி வருது.

தேர் ஓடற நாள்லயே இந்த வித்தியாசம் தெரிஞ்சிரும். காங் போற வழியில ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் அந்தக் குடும்பம் காத்துக்கிட்டு நிக்கும். பொம்பளைங்க பனேக் கட்டி, மெல்லிசா வெள்ளை இன்னாஃபி போர்த்தியிருப்பாங்க. பூ, பழம், ஊதுவத்தி, விளக்கு எல்லாம் தட்டுல ரெடி. வாசலுக்கு நேரா வந்ததும் தேர் நிக்கும். தீபம் காட்டுவாங்க, படைச்சதைக் கொஞ்சம் சாமிக்கிட்ட கொடுத்துட்டு மிச்சத்தைக் கூட்டத்துக்குக் கொடுப்பாங்க, தேர் நகரும். அடுத்த வாசல்ல மறுபடி நிக்கும். (வேகமா போயி நிலைக்கு வந்தாகணும்னு யாரும் துடிக்கிறதில்ல. நின்னு நின்னு போறதுக்குத்தான் அந்தத் தேரே.) இது இம்பால்ல ஒரே ஒரு தேருக்கு நடக்கிறதும் இல்ல. மெய்தேய்க்காரங்க வாழ்க்கை லெய்காய்ங்கிற தெருக்கூட்டத்தைச் சுத்தி அமைஞ்சது. லெய்காய்க்கு லெய்காய் ஒரு மண்டபம் இருக்கும். கல்யாணம், கருமாதி, கீர்த்தனை எல்லாம் அங்கதான். இந்த மண்டபங்கள்ல இருந்தும் தனித்தனியா காங் கிளம்பும். சில வீட்டுக்காரங்களே சொந்தமா காங் இழுக்கறதும் உண்டு. ஒரு ஊர்ல ஒரு பெரிய தேர்னு வெச்சுக்காம, சின்னச் சின்னதா பல தேர். ஒவ்வொண்ணும் தன் தெருவுக்குள்ள.

‘சின்ன ராஜ்யம், காசு இல்ல, பெரிய தேர் செய்ய வக்கில்ல. இதைப் போயி தத்துவமாக்கறியா?’ன்னு ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1832ல மணிப்பூர் நிலைமை நெசமாவே பரிதாபம். 1819ல இருந்து 1826 வரைக்கும் பர்மாக்காரங்க பிடியில கிடந்து நாசமான தேசம் அது. ‘சாஹி தாரேத் குந்தாக்பா’ன்னு, ஏழு வருஷ அழிவுன்னு, இன்னிக்கும் பேர் சொல்லி நினைக்கிறாங்க. சனம் பாதி கொத்தடிமையா பிடிபட்டு, பாதி கச்சாருக்கும் சில்ஹெட்டுக்கும் ஓடி, ஊரே காலியாக் கிடந்த காலம். காசு இல்லாம இருந்திருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா மரவேலை தெரியாத சனம் இல்லைங்க அது. ஹெய்க்ரு ஹிதோங்பான்னு சொல்ற படகுத் திருவிழாவுக்கு நீளநீளமா ஓடம் குடைஞ்சு ஓட்டற மக்கள். அதோட, காசு இல்லாததுதான் காரணம்னா, அது 1832க்குச் சரி. சந்திரகீர்த்தி சிங் மாதிரி முப்பது வருஷத்துக்கு மேல உக்காந்து ஆண்ட ராஜா காலத்துலயாவது தேர் பெருத்திருக்கணுமே? பெருக்கல. காசு வந்தப்பவும் வளர்ந்தது தேர் எண்ணிக்கையும் பாட்டும்தான். இல்லாமையால வந்த வடிவம், இருக்கும்போதும் அப்படியே நீடிச்சா, அதுக்கு அப்புறம் அதை இல்லாமைன்னு சொல்ல முடியாது.

இப்ப அந்த மிச்ச நாளுக்கு வர்றேன். தேர் நிலைக்கு வந்த பின்னாடி, சாயங்காலமானா மண்டபத்துல கூடுவாங்க. ரெண்டு விஷயம் கட்டாயம். ஒண்ணு ஜெயதேவ் சோங்பா. ஜெயதேவரோட கீத கோவிந்தத்துல வர்ற தசாவதாரப் பாட்டைப் பாடிக்கிட்டே, வட்டமா நின்னு, கைதட்டிக் குதிச்சு ஆடறது. மேடைக் கலைஞருங்க மட்டும் ஆட, மத்தவங்க பார்க்கறதுங்கிற கதை இல்ல. வந்தவங்க எல்லாரும் ஆடலாம். ரெண்டாவது குபாக் ஈஷேய். கைதட்டே தாளமா வெச்சுப் பாடற பாட்டு. ஆம்பளைங்க கோஷ்டி தனி, பொம்பளைங்க கோஷ்டி தனி. இந்தப் பாட்டுக்குக் காங் நாளுங்கதான் பருவம். பெரிய சங்கீர்த்தனத்துல பூங் மத்தளமும் கர்தாளமும் வேணும், அதுக்கு வருஷக்கணக்குல பயிற்சி வேணும். 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏத்தினது அந்தப் பெரிய சங்கீர்த்தனத்தை. ஆனா குபாக் ஈஷேய்க்குக் கருவி ரெண்டு கைதான். அதுலயும் தேர்ச்சி இருக்கு, லய நுணுக்கம் இருக்கு, இல்லைங்கல. இருந்தாலும் வாசக்கதவு அகலம். நம்ம பஜனை சம்பிரதாயத்துல அஷ்டபதி பாடறவங்களுக்கு இது கொஞ்சம் பரிச்சயமாத் தோணும். ரெண்டு பேருக்கும் மூலப்புலவர் ஒருத்தர்தானே. நம்ம பாகவதருங்க கையில அது ராகத்துல போயி உக்காந்துச்சு, அவங்க கையில கால்ல ஏறிக்கிச்சு.

பாட்டு முடிஞ்சா பந்தி. கிச்சடி. (ரவா கிச்சடியை நினைச்சுக்காதீங்க. அரிசியும் பருப்பும் சேர்த்து, வெங்காயம் பூண்டு இல்லாம, குழைவா வேக வெச்சது.) தாமரை இலையில போட்டுத் தருவாங்க. லோக்தாக் ஏரியும் குளமும் குட்டையுமா இருக்கிற பள்ளத்தாக்குல அந்தப் பருவத்துல தாமரை இலைக்குப் பஞ்சமில்ல. மண்டபத்துல சமைக்கிறவங்க பாமோன், அதாவது மெய்தேய்ப் பிராமணருங்க. பல நூற்றாண்டுக்கு முன்னாடியில இருந்து மேற்கே இருந்து வந்து, மெய்தேய்ப் பொண்ணுங்களைக் கட்டி, மெய்தேய் பேசி, அங்கேயே கலந்து போனவங்க. ஒரு நாள் செலவை ஒரு வீடோ சில வீடுகள் சேர்ந்தோ ஏத்துக்குவாங்க. இந்தப் பந்தியை நான் முக்கியமான சாட்சியாப் பார்க்கறேன். ஒரு விழாவுல எதை எடுத்துட்டா விழா இல்லாமப் போகும்னு யோசிச்சுப் பாருங்க. பூரியில தேரை எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாது. காங்ல தேர் இல்லாத நாள்தான் நாளுங்களோட எண்ணிக்கையில அதிகம், அந்த நாளெல்லாம் விழா சௌக்கியமா நடக்குது. ஜெயதேவும் கிச்சடியும் இல்லாம ஒரு சாயங்காலத்தைக் காங்னு யாராவது சொல்வாங்களா? மாட்டாங்க.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. ‘தெரு, வீடு, கைதட்டுன்னு ரொம்ப சனநாயகமாப் பேசறியே, இதை ஆரம்பிச்சதே ஒரு ராஜாதானே? அரண்மனை வாசலுக்குத்தானே தேர் போகுது?’ ஆமா. மறைக்க ஒண்ணுமில்ல. கம்பீர் சிங் காலத்தை வெச்சுப் பார்த்தா எனக்குத் தோணறதைச் சொல்றேன். இது என் ஊகம், ஊகமாவே எடுத்துக்கோங்க. நாட்டை விட்டு ஓடி, கச்சார்ல ஆள் திரட்டி, பிரிட்டிஷ்காரன் கொடுத்த துப்பாக்கியும் பணமும் வெச்சுக்கிட்டு பர்மாக்காரங்களைத் துரத்திட்டு, சிதைஞ்ச ராஜ்யத்துல மறுபடி உக்காந்தவர் அவரு. அந்தச் சமயத்துல அவருக்கு வேண்டியிருந்தது, ‘நான் திரும்பி வந்துட்டேன், வீதி நம்மளுது, பயப்படாம வாசல்ல வந்து நில்லுங்க’ன்னு காட்டற ஒரு காரியம். தேர் ஊர்வலத்தை விட இதுக்குத் தோதான வழி என்ன இருக்கு? ஓடினவன் திரும்பி வந்து வாசல்ல தீபத்தோட நின்னான்னா, அந்த வீட்டுல மறுபடி ஆள் இருக்குன்னு அர்த்தம். ஆக ராஜாவுக்கு இதுல லாபம் இருந்துச்சு. ஆனா ஆரம்பிச்சவர் யாருன்னு கேட்கிற கேள்வி வேற, நடத்திக்கிட்டு வர்றவங்க யாருன்னு கேட்கிற கேள்வி வேற. 1834ல கம்பீர் சிங் செத்துப்போயாச்சு. 1891 போருல பிரிட்டிஷ்காரன் காங்லாக் கோட்டையைப் பிடிச்சுக்கிட்டான், இளவரசர் டிகேந்திரஜித்தைத் தூக்குல போட்டான், கோவிந்தர் கோட்டையை விட்டே வெளியில வர வேண்டியதாச்சு. (அந்தக் கோட்டை மணிப்பூர் மக்கள் கைக்குத் திரும்ப 2004 நவம்பர் ஆச்சு. அதுவரைக்கும் அசாம் ரைஃபிள்ஸ் கூடாரம்.) 1949ல ராஜ்யமே இந்தியாவோட இணைஞ்சு, ராஜா பேருக்கு ராஜா ஆயிட்டாரு. கோட்டை போயி, முடி போயி, வரி வசூல் போயி, அப்புறமும் ஒவ்வொரு லெய்காயும் தன் கைக்காசைப் போட்டுத் தேர் இழுக்குதுன்னா, அதை இனிமே ராஜா உத்தரவுன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆட்சேபம் மெய்தேய்க்காரங்களுக்குள்ளேயே இருந்து வர்றது. வெளியில இருந்து பார்த்து ‘ஆஹா’ போடற நம்ம மாதிரி ஆளுங்க இதை நின்னு கேட்கணும். காங் மட்டுமில்ல, இந்த வைணவமே எங்க மேல திணிச்சதுன்னு சொல்றவங்க அங்க நிறைய பேர். அவங்க சொல்றதுல ஆதாரம் இல்லாம இல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பாம்ஹெய்பா ராஜா (கரீப் நிவாஸ்னு இன்னொரு பேரு) சில்ஹெட்ல இருந்து வந்த சாந்திதாஸ் கோசாய் பேச்சைக் கேட்டு வைணவத்தை அரச மதமாக்கினாரு. பழைய மதத்தோட புனிதச் சுவடிங்களான புயாக்களைக் குவிச்சுக் கொளுத்தினாங்க. 1729ல நடந்ததா சொல்றாங்க. புயா மெய்தாபான்னு அந்த எரிப்பை இன்னிக்கும் துக்க நாளா அனுசரிக்கிறவங்க இருக்காங்க. இருபதாம் நூற்றாண்டுல சூராசந்த் மகாராஜா காலத்துல பிரம்ம சபைன்னு ஒண்ணு உக்காந்துக்கிட்டு, யார் சுத்தம், யார் தீட்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. தீட்டுன்னு தள்ளி வெச்ச குடும்பம் காசு கட்டித்தான் சுத்தமாகணும். நெத்தியில இட்டுக்கிற சந்தனத்துக்குக்கூட வரி போட்டாங்க. கச்சார்ல இருந்த நாவோரியா ஃபுலோ 1930ல அபோக்பா மாருப்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, நம்ம பழைய சனாமஹி வழிக்குத் திரும்புவோம்னு சொன்னதுக்குப் பின்னாடி இவ்வளவு சூடு இருக்கு. 2011 கணக்கெடுப்புல மணிப்பூர்ல இந்துன்னு பதிஞ்சவங்க 41.39 சதவீதம், ‘பிற மதங்கள்’னு பதிஞ்சவங்க 8.19 சதவீதம், இதுல பெரும்பங்கு சனாமஹிக்காரங்க. அவங்கள்ல பல பேரு தேர் வரும்போது வாசலுக்கு வரமாட்டாங்க. அந்தக் கோபத்தை நான் சமாதானம் பேசித் தணிக்கப் போறதில்ல. புஸ்தகத்தை எரிச்சவனை எப்படி நியாயப்படுத்தறது?

அதே காரணத்துக்காக, ‘மணிப்பூர்ல பழைய மதமும் வைணவமும் பாலும் தேனுமா கலந்துச்சு’ன்னு சுற்றுலாத்துறை பாணியில எழுதறதும் எனக்குப் பிடிக்கல. கலந்துச்சு, உண்மை. அடிச்சும் கலக்க வெச்சாங்க, அதுவும் உண்மை. ஆனா திணிச்சது எல்லாம் திணிச்சபடியே இருந்துடறதில்ல. வைணவம் உச்சத்துல இருந்த காலத்துலயும் மெய்தேய் வீட்டோட தென்மேற்கு மூலையில சனாமஹி உக்காந்தே இருந்தாரு. லெய்மாரேல் அம்மனுக்கு வடக்குச் சுவரு. நாமம் போட்டுக்கிட்டு கீர்த்தனைக்குப் போற மனுஷன், வீட்டு மூலையில விளக்கு ஏத்தாம போகமாட்டான். பழைய தெய்வங்களுக்கு எடுக்கிற லாய் ஹராவோபா விழாவுல, மைபிங்கிற பூசாரிப் பொம்பளைங்க ஆடறது நிக்கல. காங்கும் இப்படித்தான் பழைய வருஷ ஒழுங்குக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. இதுக்கு நல்ல சாட்சி ஒரு விளையாட்டு. அதுக்கும் காங்னுதான் பேரு. அரக்குல செஞ்ச தட்டை வீட்டுக்குள்ள தரையில உந்தி இலக்கை அடிக்கிற பழைய ஆட்டம், ஆணும் பொண்ணும் சேர்ந்து ஆடலாம். மெய்தேய்ப் புத்தாண்டான சைராவோபா அன்னிக்கு ஆரம்பிச்சா, தேர் வர்ற வரைக்கும்தான் அதுக்குப் பருவம். அதுக்கப்புறம் ஆடினா கெட்ட ஆவி புகுந்துரும்னு நம்பிக்கை. சாஸ்திரம் படிச்ச வைணவ குரு எவரும் இந்த விதியைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாரு. புத்தாண்டுல இருந்து தேர் வரைக்கும்னு ஒரு பருவத்துக்குக் கோடு கிழிச்சது மெய்தேய்க்காரங்களோட சொந்தக் கணக்கு. வெளியூர்க் கடவுளோட தேரை எடுத்துத் தங்களோட விளையாட்டுக் காலத்துக்கு முற்றுப்புள்ளியா வெச்சுக்கிட்டாங்க. திணிப்பை வாங்கிக்கிட்டவன் கை சும்மா இருக்கலங்கிறதுக்கு இதை விட என்ன வேணும்?

சனாமஹிக்காரர் இதுக்கும் பதில் வெச்சிருப்பாரு: ‘சிறையில இருக்கிறவன் சுவத்துல படம் வரைஞ்சா சிறை அவனோட வீடாயிடுமா?’ன்னு. கூர்மையான வாதம்தான். இதுக்கு வார்த்தையில பதில் சொல்றதை விட, சிறைக்கதவு திறந்து கிடந்தப்ப அவங்க என்ன பண்ணாங்கன்னு பார்க்கலாம். ஏழு வருஷ அழிவுக்கும் அதுக்கு முன்னப் பின்ன நடந்த குழப்பத்துக்கும் பயந்து கச்சார், திரிபுரா, சில்ஹெட் பக்கம் போன மணிப்பூரி மக்கள்ல நிறைய பேரு திரும்பவே இல்ல. இன்னிக்கு அசாமோட பராக் பள்ளத்தாக்குலயும், வங்காளதேசத்துல மௌல்விபஜார் பக்கமும் அவங்க சந்ததி இருக்கு. அங்க அவங்களுக்கு மணிப்பூர் ராஜா கிடையாது, பிரம்ம சபை கிடையாது, சந்தன வரி கிடையாது. சுத்திலும் வங்காளிங்க, வங்காளி பாணி ரத யாத்திரை. வேணாம்னா விட்டிருக்கலாம், இல்ல, பக்கத்து ஊர் வங்காளித் தேரையே இழுத்துட்டுப் போயிருக்கலாம். அவங்க தனியா மண்டபம் கட்டி, சாயங்காலமானா ஜெயதேவ் பாடிக் குதிச்சு, முறை வெச்சு வீட்டுக்கு வீடு கிச்சடி போட்டுக்கிட்டு இருக்காங்க. மெய்தேய்க்காரங்க மட்டுமில்ல, வேற மொழி பேசற விஷ்ணுப்ரியா மணிப்பூரிகளும் அதே மாதிரிதான். எரிஞ்ச புயாவுக்கு இது ஈடாகாது. ஆனா யாரும் கட்டாயப்படுத்தாத ஊர்ல, செலவு பண்ணி, தலைமுறை தலைமுறையா ஒண்ணைத் தூக்கிக்கிட்டு நடக்கிறவங்ககிட்ட போயி ‘அது உங்களுது இல்ல, திணிச்சது’ன்னு நாம சொல்ல முடியாது. ‘அது உங்களுது இல்ல, பூரியோட நகல்’னு செய்தி வாசிக்கிறவங்களும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் அந்த ஒட்டு வரியை எழுதப்போற உதவி ஆசிரியருக்கு ஒரு யோசனை. அரைப்பக்கமெல்லாம் வேணாம், கால்பக்கம் போதும். படம் போடணும்னா தேரைப் போடாதீங்க, தேர் எல்லா ஊர்லயும் இருக்கு. மண்டபத்துல ஜெயதேவ் ஆடற கூட்டத்தைப் போடுங்க.